இரண்டாம் பாகம் பிடிக்காதவன்

என் நண்பனோடு நான் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி சினிமாவுக்காகப் போட்டவை. அதிலும் பாதிக்கு மேல், ஒரு படத்தைத் திரும்ப எடுக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய இரண்டு பேர், ஒருவன் செஞ்சி பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன், இன்னொருவன் மினி லாரி ஓட்டுகிறவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு, தெலுங்கில் அந்த அம்மா அழவே இல்லை, தமிழில் மட்டும் ஏன் அழ வைத்தார்கள் என்று கத்திக்கொண்டிருப்போம். டீக்கடைக்காரர் எங்கள் கிளாஸ்களைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போவார்.

அவனைப் பழக்கம் செய்துவைத்ததும் ஒரு படம்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் நாயகனின் படம் வெளியான முதல் நாள். என்னிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. கூட வர வேண்டியவன் வரவில்லை. தொண்டூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்த ஒருவன், கூட்டத்தில் சட்டைப் பை கிழிந்து, ஒரு செருப்பும் போய், டிக்கெட் கிடைக்காமல் சுவரோரம் நின்றிருந்தான். கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனேன். படம் முடியும்வரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் முதலில் சொன்னது, "அந்தக் கதவ அவன் தட்டல பாத்தியா?" என்பதுதான்.

அந்தப் படத்தில் நாயகன் கிணறு வெட்டுகிறவன். தங்கைக்காக ஒரு குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறான். பல வருஷம் கழித்து வெளியே வந்து, அவள் வாழும் வீட்டைத் தேடிப் போகிறான். வாசலில் அவளுடைய குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. உள்ளே அவள் குரல் கேட்கிறது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன், தட்டாமலேயே திரும்பி நடந்துவிடுகிறான். அத்தோடு படம் முடிந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் அதைச் செஞ்சியில் ஒன்பது தடவை, திருவண்ணாமலையில் இரண்டு தடவை என்று பதினோரு தடவை பார்த்தோம்.

இதைச் சொல்ல வேண்டும்: ரீமேக் படங்களுக்கு ஆரம்பத்தில் பரிந்து பேசியவன் அவன்தான். நான்தான் எதிர்ப்பேன். எங்கேயோ எடுத்த படத்தைக் கொண்டு வந்து இங்கே வேட்டி கட்டிவிடுகிறார்கள் என்பேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். சித்தூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனால் அங்கே தெலுங்குப் படம் பார்த்துவிட்டு வருவான். அதையே தமிழில் எடுத்தால் அதையும் பார்ப்பான். இரண்டிலும் யார் எங்கே நின்றார்கள், யார் யாரைப் பார்க்காமல் பேசினார்கள் என்றெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கும். "கதை ஒண்ணுதான்யா. நிக்கிற எடம் மாறினா படமே மாறிடும்" என்பான். நான் வசனத்தையும் கதையையும் பிடித்துக்கொண்டு பேசுவேன். அவன் பார்த்ததைப் பேசுவான். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அவன் மாறினான். முதலில் வண்டியை விற்றான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரே டென்ஷன்யா, போதும்" என்றான். மார்க்கெட் கமிட்டியில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளும் நெல் மூட்டைகளும் வந்து இறங்கும் இடத்தில், ஒரு வியாபாரியிடம் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்கால டீயும் நின்றுபோனது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவான். வயசுப் பெண் வீட்டில் இருக்கிறாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம் டீக்கடை பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்திருந்த கிளாஸைத் தானே கையால் தட்டிவிட்டான். என் வேட்டி முழுக்க டீ. "எங்கியா பாக்குற?" என்று திட்டினேன். சிரித்தான்.

அதே காலத்தில்தான் புதுப் படங்களைத் திட்டவும் ஆரம்பித்தான். ரீமேக் என்றால் ஏமாற்று வேலை. இரண்டாம் பாகம் என்றால் பேராசை. பழைய கதையைப் புது ஆட்களை வைத்து முதலிலிருந்து தொடங்கினால், பெற்றவனுக்குத் தெரியாமல் பிள்ளைக்குப் பெயர் மாற்றுவது. எந்தப் படம் வந்தாலும், "நான் வரல. புடிக்கல" என்பான். பார்க்காமலே எப்படிப் பிடிக்காமல் போகும் என்று கேட்டால், "போஸ்டர பாத்தா தெரியாதா?" என்பான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் எதிர்க்க ஆரம்பித்ததும் நான் ஆதரிக்க ஆரம்பித்தேன். அவன் எங்கே நிற்கிறானோ அதற்கு எதிரே நிற்பதே எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது, மூன்று மாதத்தில் படம் வருகிறது என்று. நாங்கள் பதினோரு தடவை பார்த்த படத்துக்கு இரண்டாம் பாகம். அதே நாயகன், நரைத்த தாடியோடு. வாசலில் விளையாடிய குழந்தை இப்போது வளர்ந்த பெண். தாய்மாமனைத் தேடி அவள் புறப்படுவதுதான் கதை என்று சொன்னார்கள்.

எங்கள் ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. செஞ்சி, மேல்மலையனூர், சுற்று வட்டாரத்து ஆட்கள். அன்று அந்தக் குரூப்பே தீப்பற்றி எரிந்தது. பாதிப் பேர் அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர், முதல் படத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். என் நண்பன் எழுதுகிற வழக்கமில்லை; எப்போதும் குரலைப் பதிவு செய்து அனுப்புவான். அன்றும் அனுப்பினான். "அந்தக் கதவத் தட்டாம போனதுதான்யா அந்தப் படம். இப்ப வந்து தெறந்து காட்டுனா, அப்ப நாம பாத்ததுக்கு இன்னா மதிப்பு? இத எவனும் போயி பாக்காதீங்க."

நியாயமான பேச்சுதான். இப்போது நினைத்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் அன்று கடையில் வியாபாரம் மந்தம், என் மனநிலை சரியில்லை, 'எவனும் போய்ப் பார்க்காதீர்கள்' என்று அவன் உத்தரவு போட்டது எனக்கு உறைத்தது. நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குரூப்பில் எழுதினேன்: "பாக்காமலே பேசுறவனுக்குக் கண்ணு இருந்து இன்னா, இல்லாம இன்னா?"

நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சிறிது நேரத்தில் அவன் குரூப்பை விட்டு விலகியதாக ஒரு வரி வந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு கடை ஷட்டரை இறக்கினேன். அதை மறைக்க மாட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடை எதிரே அவன் போவதைப் பார்த்தேன். மனசு கேட்காமல் கையை ஆட்டினேன். பத்தடி தூரம்தான் இருக்கும். திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டு போனான். அப்படியா, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் பேசவில்லை.

படம் வந்தது. முதல் நாள் நான் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. டிக்கெட் வாங்கக் கடைப் பையனை அனுப்பலாம் என்று நினைப்பேன், பிறகு வேண்டாம் என்று தோன்றும். அந்தப் படத்துக்கு என் பக்கத்து நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு ஒப்பாது. இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காலையிலேயே பைக்கில் தொண்டூர் போனேன்.

அவன் மனைவிதான் முதலில் பார்த்தாள். "வாங்கண்ணா" என்றவள் முகத்தில், வந்ததற்கு நன்றி சொல்வது போலவும் எதையோ சொல்லப் பயப்படுவது போலவும் ஒரு பார்வை இருந்தது. அவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகவில்லையா என்றேன். "ரெண்டு மாசமா போறதில்ல" என்று அவள்தான் சொன்னாள்.

நான் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்த வழக்கம் கிடையாது. "மத்தியான ஷோவுக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். வந்து பாத்துட்டு திட்டு. நான் பதில் பேசல" என்றேன்.

கட்டிலுக்கடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடினான். பிறகு, "வரேன்யா" என்றான்.

மனைவி அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். பைக்கில் ஏறும்போது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, கையப் புடிச்சிக்குங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கும் முன்னே அவன் கூப்பிட்டுவிட்டான்.

வெளியே வெயிலில் கண் கூசியது. தியேட்டர் வாசலைத் தாண்டி உள்ளே இருட்டுக்குள் போனதும் அவன் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். படியில் கால் தடுக்கி என் மேல் விழுந்தான். தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். கூட்டம் இல்லை. மொத்தம் முப்பது பேர் இருப்போம்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். "இப்ப யாரு பேசறது?" என்றான். சொன்னேன். "அவன் எங்க நிக்கிறான்?" என்றான். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் ஏன் இப்டி சும்மா இருக்காங்க? இன்னா நடக்குது?" என்றான். திரையில் சண்டைக்கு முன்னால் எல்லோரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற காட்சி அது. நான் திரையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் கண் திரையின் மேல் இருந்தது. ஆனால் தலையை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தான், எதையோ தேடுகிறவன் போல.

"ஏன்யா, ஒனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா கேப்பனா?" என்றான்.

இடைவேளையில் விளக்கு போட்டதும் சொன்னான். எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். நாங்கள் நாற்காலியிலேயே இருந்தோம்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு அமாவாசைக்கு முதல் நாள் மேல்மலையனூர் ரோட்டில் சாயங்காலம் வண்டியில் வந்துகொண்டிருந்தானாம். கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம். இடது பக்கம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் போனதை அவன் பார்க்கவே இல்லை. கூட இருந்த லோடுமேன் கத்தியபோதுதான் பிரேக் போட்டான். அவள் முந்தானை வண்டிக் கம்பியில் மாட்டியிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் இறங்கி, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வண்டியை லோடுமேனிடம் கொடுத்துவிட்டு, அந்த இருட்டில் தட்டுத் தடுமாறி ஊருக்கு நடந்து போனான். அதற்கு அப்புறம் அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"பாண்டியில கண்ணாஸ்பத்திரிக்குப் போனன். நரம்பு பட்டுப்போவுதுன்னாங்க. மருந்து இல்லையாம். ஓரத்துல இருந்து இருட்டிக்கினே வருமாம். எங்க நைனாவும் கடைசி காலத்துல சுவரப் புடிச்சிக்கினே நடந்தாரு, வயசாச்சின்னு நெனச்சோம். அதான் போல."

"என்னாண்ட ஏன்யா சொல்லல?"

"சொல்லி?"

அவனே தொடர்ந்தான்.

"குழா வழியா பாக்கற மாரி இருக்கும். ஒரு மூஞ்சி தெரியும், பக்கத்துல எவன் நிக்கிறான்னு தெரியாது. நான் தேடிப் புடிக்கறதுக்குள்ள சீன் மாறிடும். பழைய படம்னா யாரு எங்க நிப்பான்னு எனக்கே தெரியும், கண்ண மூடிக்கினாலும் ஓடும். புதுசுல ஒருத்தனையும் தெரியல. இப்ப நடுவுலயும் பொக மாரி வந்துடிச்சி." திரைப் பக்கம் முகத்தைத் திருப்பினான். "தெரியலன்னு சொல்றதுக்கு, புடிக்கலன்னு சொல்றது லேசா இருந்துச்சிய்யா."

நான் குரூப்பில் எழுதிய வரி என் நெஞ்சுக்குள் வந்து நின்றது. சொல்ல வாயைத் திறந்தேன். "அத வுடு" என்றான். நான் எதைச் சொல்ல வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "ஒனக்குத் தெரியாது இல்ல? தெரிஞ்சா எழுதுவியா?"

கடை எதிரே கையை ஆட்டியதைக் கேட்டேன். "எப்போ?" என்றான். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் நான் வளர்த்துக்கொண்டிருந்த கோபம் அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

படம் மறுபடி ஆரம்பித்தது. வீட்டுக்குப் போகலாமா என்றேன். "இவ்ளோ தூரம் வந்தாச்சி. முடிவ பாக்கலாம். நீ சொல்லு" என்றான். அவன் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டே வந்தேன். முன் வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, மூன்றாவது தடவை எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் படம் பார்க்கவே தெரியாதவன் என்று. "வீட்டுக்குள்ள பேசிக்கினு இருக்காங்க" என்பேன். "அது கேக்குதே. எந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு இருக்கா? கதவு தெறந்திருக்கா?" என்பான். பார்த்துச் சொல்வதற்குள் காட்சி போய்விடும். வருஷக்கணக்காக நான் கதையைப் பற்றிப் பேசியிருக்கிறேன், தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். கதவு திறந்திருந்ததா என்று ஒரு தடவை கூடக் கவனித்ததில்லை.

கடைசியில் நாயகன் அந்த வீட்டு வாசலுக்கு வந்தான். இந்தத் தடவை தட்டினான். வயதான தங்கை கதவைத் திறந்தாள். இசையைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அவள் விம்முவது மட்டும் கேட்டது.

"தெறந்துட்டாளா?"

"தெறந்துட்டா."

"இன்னா பண்றா?"

"அழுவுறா."

"அழுவறது கேக்குது. மூஞ்சி எப்டி இருக்குது?"

திரை முழுக்க அவள் முகம்தான் இருந்தது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. எத்தனை முயன்றும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "நல்லா இருக்குதுய்யா" என்றேன். அவன் என் கையைத் தட்டிக் கொடுத்தான். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

வெளியே வந்து, "இன்னா சொல்ற?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "பாட்டு ஜாஸ்தி" என்றான். அவ்வளவுதான்.

விஷயத்தைக் குரூப்பில் சொல்லி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டான். "எல்லாரும் கூடி அய்யோ பாவம்னு போடுவானுங்க. அத என் பொண்ணு படிச்சிச் சொல்லணுமா?" அதனால் நான் எழுதிய வரி அப்படியே கிடக்கிறது. நாற்பது சிரிப்புகளும் அதன் கீழேயே இருக்கின்றன.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டூர் போக ஆரம்பித்தேன். விழுப்புரத்துக்கு அழைத்துப் போய் ஊனமுற்றோர் அட்டை வாங்கிக் கொடுத்தேன். அங்கே சோதித்த டாக்டர் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டபோது, அவன் கொஞ்சம் யோசித்து, "சொன்னா தப்பாப் போவும் சார்" என்றான். சில வாரம் போனில் பழைய படத்தை ஓடவிட்டு இரண்டு பேரும் கேட்டோம். கதவருகே நாயகன் நிற்கிற கட்டம் வந்தபோது, அந்தக் குழந்தை என்ன நிறத்தில் கவுன் போட்டிருக்கும் என்று கேட்டான். மஞ்சள் என்றேன். "செவப்பு இல்ல?" என்றான். பதினோரு தடவை பார்த்தவன். போனை எடுத்துப் பார்த்தேன், மஞ்சள்தான். சொன்னேன். "அப்ப அதுவும் போவுது" என்றான். அடுத்த வாரம் படம் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான்.

இப்போது நாங்கள் மழையைப் பற்றியும் மல்லாட்டை விளைச்சலைப் பற்றியும் அவன் பெண் எழுதுகிற நர்ஸிங் பரீட்சையைப் பற்றியும் பேசுகிறோம். குரூப்பில் புதிதாக ஏதோ ஒரு படத்தைத் திரும்ப எடுப்பதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. நான் அதில் எழுதுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே சொன்னேன்: "யோசிச்சுப் பாத்தா மொதல் பாகத்தவிட ரெண்டாவதுதான்யா நல்ல படம். மொத படத்துல பின்பாதி இழுவ." அந்தக் காலமாக இருந்தால் டீக்கடையே கிடுகிடுத்திருக்கும். என் மூதாதையர் வரைக்கும் இழுத்திருப்பான். நான் காத்திருந்தேன்.

"இருக்கலாம்யா" என்றான். பிறகு உள்பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு டீ போடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டான்.